ஊஞ்சலுக்கு முன் மண்: பிள்ளைகளுக்கு இயற்கையான விளையாட்டு வெளி அமைப்பது எப்படி?

தெருவில் யாரோ வீடு கட்ட ஆரம்பித்து, வாசலில் ஒரு லாரி மணலைக் கொட்டிவிட்டுப் போனால், சாயங்காலத்துக்குள் அந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் மேல்தான் இருப்பார்கள். ஏறுவார்கள், உருளுவார்கள், குகை தோண்டுவார்கள், கிளிஞ்சல் பொறுக்குவார்கள். வீட்டுக்காரர் விரட்டினால் கலைந்துபோய், அவர் உள்ளே போனதும் திரும்ப வருவார்கள். இரண்டு தெரு தள்ளிப் பூங்காவில் புதிதாக வர்ணம் அடித்த சறுக்குமரம் ஆளில்லாமல் நிற்கும்.

பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம் அமைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த மணல் மேட்டைத்தான். டென்மார்க்கில் கார்ல் தியோடர் சோரென்சன் என்ற நிலவடிவமைப்பாளர் அப்படித்தான் பார்த்தார். அவர் வடிவமைத்த ஒழுங்கான திடல்களைவிட, கட்டட வேலை நடக்கும் மனைகளிலும் பழைய சாமான் கிடக்கும் இடங்களிலும்தான் பிள்ளைகள் மெய்மறந்து விளையாடினார்கள். அதனால் பழஞ்சாமான்களைக் கொண்டே ஒரு விளையாட்டுத் திடல் அமைக்கலாம் என்ற யோசனையை 1931இல் எழுதினார். நாடு ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த 1943இல், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் அப்படி ஒரு திடல் திறக்கப்பட்டது. சுற்றிலும் மண்கரை. உள்ளே பலகை, செங்கல், மண், மண்வெட்டி. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஜான் பெர்டெல்சன் என்ற ஒருவர். மற்றதெல்லாம் பிள்ளைகள் பாடு. 1946இல் அங்கே போய்ப் பார்த்த மார்ஜரி ஆலன் என்ற ஆங்கிலேய நிலவடிவமைப்பாளர், குண்டு விழுந்து இடிந்து கிடந்த லண்டன் மனைகளில் இதே மாதிரி திடல்கள் உருவாகக் காரணமாக இருந்தார்.

இன்று உலகின் பல ஊர்களில் ‘இயற்கை விளையாட்டு வெளி’ என்று அமைக்கப்படும் இடங்களுக்கு இந்த எண்ணம் ஒரு வேர். மேடு, பள்ளம், மணல், தண்ணீர், மரம், புதர், கல், நிழல் ஆகியவைதான் அங்கே விளையாட்டுச் சாமான்கள். பிள்ளைகள் அவற்றைத் தோண்டலாம், நகர்த்தலாம், கட்டலாம், இடிக்கலாம். கற்றலும் அங்கேயே நடக்கும். அதற்கென்று தனியாகப் பலகை எழுதி வைக்க வேண்டியதில்லை. மரத்துக்கு மரம் ஆணி அடித்துத் தாவரவியல் பெயர் மாட்டுவதை நான் கற்றல் வெளி என்று சொல்ல மாட்டேன். பென்குவின் வடிவக் குப்பைத் தொட்டியையும் சிமென்ட் மானையும் இயற்கை என்றும் சொல்ல மாட்டேன்.

சாமான் ஏன் போதாது

கணக்காகவே பார்ப்போம். ஒரு தொடக்கப்பள்ளியில் நூறு பிள்ளைகள், ஊஞ்சல் இரண்டு, சறுக்குமரம் ஒன்று, சீசா ஒன்று. ஒரு நேரத்தில் ஐந்து பேர் விளையாடலாம். மிச்சப் பேர் வரிசையில் நிற்க வேண்டும், இல்லை அடித்துக்கொள்ள வேண்டும். காலை இடைவேளையே பத்து, பதினைந்து நிமிடம்தான். அதில் வரிசை முடிவதற்குள் மணி அடித்துவிடும்.

இன்னொரு குறை, சறுக்குமரத்தை ஒரே விதமாகத்தான் பயன்படுத்த முடியும். ஏறு, சறுக்கு, மறுபடி ஏறு. ஒரு வாரத்தில் அது சலித்துப்போய்ப் பிள்ளைகள் தலைகீழாகச் சறுக்கவும் கைப்பிடிக்கு வெளியே தொங்கவும் ஆரம்பிப்பார்கள். அதைக் குறும்பு என்கிறோம். அந்தச் சாமானில் புதிதாகச் செய்ய வேறு எதுவும் மிச்சமில்லை என்பதுதான் விஷயம்.

1971இல் சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் இதை ஒரு கட்டுரையில் தெளிவாகச் சொன்னார். ஓர் இடத்தில் எவ்வளவு புதுமையும் கண்டுபிடிப்பும் நடக்கும் என்பது, அங்கே கையாளக்கூடிய உதிரிப் பொருள்கள் எத்தனை, எத்தனை வகை இருக்கின்றன என்பதைப் பொறுத்தது என்றார். நம்மூரில் இதற்குக் கட்டுரை தேவைப்பட்டதில்லை. நுங்கு தின்ற கோந்தை இரண்டு, ஒரு குச்சி, கவட்டை உள்ள நீளக் கம்பு ஒன்று இருந்தால் நுங்கு வண்டி. கொட்டாங்குச்சி இருந்தால் கூட்டாஞ்சோறு. ஏழு ஓட்டுச் சில்லு இருந்தால் ஏழாங்கல். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையின் பருவங்களைப் பார்த்தாலும் இதுதான்: ஆண் குழந்தைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர், பெண் குழந்தைக்கு நீராடல், அம்மானை, ஊசல். மண், தண்ணீர், உருட்ட ஒன்று, தட்ட ஒன்று, ஆட ஒன்று. வடிவமைப்பாளரிடம் கொடுக்கும் பட்டியலாகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

மண்ணில் விளையாடினால் என்ன கிடைக்கும்

பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் வரும் முதல் கேள்வி, சட்டை அழுக்காகாதா என்பது. ஆகும். அந்த அழுக்கைப் பற்றிச் சில ஆய்வுகள் சொல்வதைக் கேட்டால் துவைக்கிற அலுப்பு கொஞ்சம் குறையும்.

பின்லாந்தில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் 3 முதல் 5 வயது வரையான 75 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. சில காப்பகங்களின் சரளை முற்றங்களில் காட்டு மண்ணும் புல்தரையும் பரப்பி, செடித்தொட்டிகள் வைத்து, பிள்ளைகளைத் தினமும் அதில் விளையாடவிட்டார்கள். 28 நாளில் அந்தப் பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் கூடின. நோய் எதிர்ப்பு அமைப்பைக் கட்டுக்குள் வைக்கும் சில அளவீடுகளும் ரத்தத்தில் நல்ல திசையில் மாறின. இதற்காக எந்த மண்ணாக இருந்தாலும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாய் அசுத்தம் செய்த மணலும் சாக்கடை ஓரத்து மண்ணும் வேறு கதை.

நார்வேயில் இங்குன் ஃபியோர்டாஃப்ட் என்ற ஆய்வாளர் 5 முதல் 7 வயது வரையான மழலையர் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார். தினமும் பக்கத்துக் காட்டில் விளையாடியவர்களுக்கு, வழக்கமான திடலில் விளையாடியவர்களைவிட உடல் சமநிலையும் கைகால் ஒத்திசைவும் நன்றாக வளர்ந்திருந்தன என்று 2001இல் எழுதினார். காரணம் எளிது. சமதளத்தில் ஓடும் கால் ஒரே மாதிரி அடிவைக்கும். வேரும் கல்லும் சரிவும் உள்ள இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று கண். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்றாண்டு முடிவில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். வெளிவெளிச்சத்தில் இருப்பதே இதில் வேலை செய்வதாகக் கருதப்படுகிறது. ஆனால் வெளியே உட்கார நிழலும் செய்ய ஏதாவது ஒன்றும் இல்லையென்றால் எந்தப் பிள்ளை 40 நிமிடம் வெளியே இருக்கும்?

முதல் வேலை: சும்மா பார்ப்பது

எதையும் வாங்கும் முன், எதையும் வெட்டும் முன், பிள்ளைகள் இப்போது எங்கே விளையாடுகிறார்கள் என்று சில நாள் நின்று பாருங்கள். பெரும்பாலும் அது திடலின் நடுவாக இருக்காது. சுற்றுச்சுவர் மூலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம், ஒற்றை வேப்பமரத்தடி, உடைந்த படிக்கட்டு, மழைத் தண்ணீர் ஓடி அரித்த சின்னப் பள்ளம். பெரியவர்கள் ‘சுத்தம் செய்ய வேண்டும்’ என்று நினைக்கிற இடங்கள்தான் முக்கால்வாசி. அவற்றைத் துடைத்துவிட்டுப் புதிதாக வடிவமைத்தால் இருந்ததும் போகும்.

பிள்ளைகளிடம் ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டால் டிவியில் பார்த்த நீச்சல்குளத்தைச் சொல்வார்கள். ‘உனக்குப் பிடித்த இடத்தைக் காட்டு’ என்று கேட்டுக் கூடவே நடந்தால் நிஜமான பதில் கிடைக்கும். கலிபோர்னியாவின் பெர்க்லியில், வாஷிங்டன் தொடக்கப்பள்ளியின் தார் போட்ட முற்றத்தை 1970களின் தொடக்கத்தில் ராபின் மூர் என்பவர் பிள்ளைகள், ஆசிரியர்கள், அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து மாற்றினார். ஒரு பகுதித் தாரைப் பெயர்த்துக் குளம், புல்வெளி, சின்ன மரக்கூட்டம் என்று ஆக்கினார்கள். பிறகு அங்கே பிள்ளைகள் எதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று அவர் பல ஆண்டுகள் பதிவு செய்தார். இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இடம் அது.

நம்மூரில் இதைப் பேசப் பொருத்தமான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிக்கு விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும். திடலில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு ஊராருக்கு நிறைய இடம் இருக்கிறது.

நிழல்

குளிர்நாட்டுப் புத்தகங்கள் வெயில் வரும் இடமாகப் பார்த்து அமைக்கச் சொல்லும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் காலை பத்து மணிக்கு மேல் ஒரு பிள்ளையும் வெளியே வராது. இங்கே வடிவமைப்பு நிழலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இரும்புச் சறுக்குமரமும் ரப்பர் தரையும் செயற்கைப் புல்லும் சித்திரை வெயிலில் தோலைச் சுடும் அளவுக்குக் காயும். நிழலில்லாத திடலில் லட்சக்கணக்கில் செலவழித்து வண்ண ரப்பர் தரை போடுவது எனக்குப் புரியாத விஷயம்.

பள்ளியில் வெளியே விளையாடுவது பெரும்பாலும் மாலை மூன்றரை மணியை ஒட்டி. அப்போது வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து வரும். ஆகவே மரவரிசை திடலின் மேற்குப் பக்கம் வேண்டும். நண்பகல் சூரியன் மே முதல் ஜூலை வரை நமக்குச் சற்று வடக்கே இருக்கும், டிசம்பரில் தெற்கே சாய்ந்திருக்கும். மணல்குழியை மரத்துக்கு எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு இது உதவும். காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை நிழல் விழும் எல்லையைச் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தால் போதும். பிள்ளைகளையே போடச் சொன்னால் அதுவே ஒரு பாடம்.

எந்த மரம்? புங்கன் என் முதல் தேர்வு. கோடை உச்சத்துக்கு வருமுன்னே இலை உதிர்த்துத் தளிர்த்துவிடும், வெயில் ஏறும்போது அடர்ந்த நிழல் தரும். பூவரசு இரண்டாவது. கன்று வாங்கக்கூட வேண்டாம், போத்து வெட்டி நட்டால் வந்துவிடும். இலையைச் சுருட்டினால் பீப்பீ கிடைக்கும், வேறெந்த மரமும் விளையாட்டுச் சாமானை இவ்வளவு தாராளமாகத் தருவதில்லை. வேம்பு, மகிழம், நாவல், கடற்கரைப் பக்கம் புன்னை ஆகியவையும் நல்லவை. ஏறி விளையாடக் கொய்யா. கிளை தாழ்வாகப் பிரியும், வளையுமே தவிரச் சட்டென்று முறியாது. முருங்கையில் மட்டும் ஏறவிடக் கூடாது, அது எப்படி முறியும் என்று எல்லாருக்கும் தெரியும். குல்மோகர் சீக்கிரம் வளர்ந்து பூத்துக் குலுங்கும், ஆனால் காற்றில் ஒடிந்து விழும் மரம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்ததைப் பார்த்த பிறகு பள்ளி முற்றத்தில் அதை வைக்க மனம் வரவில்லை.

மரம் நிழல் தர நான்கைந்து ஆண்டு ஆகும். அதுவரை நெட்லான் நிழல்வலையோ, இரும்புக் குழாய்ப் பந்தலில் ஏற்றிய அவரை, சங்குப்பூ, முல்லைக் கொடியோ கைகொடுக்கும். கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் இறந்தார்கள், தீ பரவியது கீற்றுக் கூரையில். அழகாக இருக்கிறது, குளிர்ச்சி என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

மேடு, மணல், தண்ணீர்

சுமார் பத்து சென்ட் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 66 அடி. இதன் ஒரு மூலையில் மூன்றரை அடி உயரத்துக்கு ஒரு மண்மேடு போடலாம். சரிவு ஓர் அடி உயரத்துக்கு மூன்றடி நீளம் என்ற கணக்கில் இருந்தால் பிள்ளைகள் ஓடி ஏறலாம், உருண்டு இறங்கலாம், மழையிலும் அவ்வளவாகக் கரையாது. அடிப்பாகம் 25 அடி அகலம் வரும். ஏறத்தாழ ஏழு யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) மண் பிடிக்கும், அழுந்தும் என்பதால் கொஞ்சம் கூடவே கொட்ட வேண்டும். சரிவில் அருகம்புல் பதித்து, தண்ணீர் இறங்கும் பக்கம் வெட்டிவேர் வரிசை நட்டால் மண் நிற்கும். சறுக்குமரம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதைத் தூண் மேல் நிறுத்தாமல் இந்த மேட்டின் சரிவிலேயே படுக்க வையுங்கள். கீழே விழ உயரமே இருக்காது.

மணல்குழி நிழலில் இருக்க வேண்டும். 15க்கு 12 அடி, ஒன்றரை அடி ஆழம் என்றால் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மணல். அடியில் அரை அடிக்கு ஜல்லி, இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் அது கிணறாகிவிடும். சலித்த ஆற்று மணல் கிடைத்தால் நல்லது. எம்-சாண்ட் கல்லை உடைத்த தூள், தூசி பறக்கும், முனை கூராக இருக்கும். கான்கிரீட்டுக்குச் சரி, பிள்ளைகள் கையளைய ஏற்றதில்லை. ஓரத்தில் உட்காரும் உயரத்துக்குக் கல்திண்ணை கட்டினால் அதுவே கடை, அதுவே சமையல் மேடை, பெரியவர்களுக்கு உட்காருமிடமும் அதுதான். சாயங்காலம் போகும்போது வலை போட்டு மூடுவது கட்டாயம். பூனைக்கு இதைவிட வசதியான கழிப்பறை கிடையாது.

தண்ணீர் இல்லாத மணல் பாதி மணல்தான். மேட்டின் அடியில் ஓர் அடிபம்போ குழாயோ வைத்து, அங்கிருந்து மணல்குழி வரை கையகல வாய்க்கால் ஒன்றைக் கல் பதித்து விடலாம். அணை கட்டுவார்கள், மடை திறப்பார்கள், தென்னம்பாளையில் படகு விடுவார்கள். சரிவு கூடினால் வேகம் கூடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கக் கூடாது என்பதுதான் இதில் ஒரே கறாரான விதி. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். கடைசியில் வாய்க்கால் ஒரு வாழைப் பாத்தியில் போய் முடியட்டும். சத்துணவுக்குப் பின் கை கழுவும் தண்ணீரை நேராக வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள், விளையாட்டு வாய்க்காலில் கலக்க வேண்டாம். பழைய டயரைப் பாதி புதைத்து வைக்கும் திடல்கள் இப்போது நிறைய வருகின்றன. மலிவு, உறுதி. ஆனால் அடியில் துளை போடாத டயர் ஒவ்வொன்றும் ஒரு கொசுத் தொட்டி.

ஒளிய இடம்

ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது, பிள்ளைகளுக்கு இதுதான் உயிர். கண்ணாமூச்சிக்கு மட்டும் சொல்லவில்லை. கூட்டத்தில் அலுத்துப்போன பிள்ளை கொஞ்ச நேரம் தனியாக உட்காரவும் ஓர் இடம் வேண்டும். உட்கார்ந்த பிள்ளை மறையவும் நிற்கிற பெரியவர் எட்டிப் பார்க்கவும் மூன்றடி உயரம் போதும். நொச்சியையும் ஆடாதொடையையும் அந்த உயரத்தில் கத்தரித்து வளைவாக விடலாம். இரண்டையும் ஆடு கடிக்காது, நொச்சி வளைத்துக் கட்டவும் வசதி.

பாம்பு வராதா என்ற கேள்வி நியாயமானது. பாம்பு எலியைத் தேடியும் மறைவைத் தேடியும் வரும். புதரின் அடிப்பகுதியை ஒன்றரை அடிக்குக் கிளையில்லாமல் கழித்துவிட்டால் தரை தெரியும். சோற்றுப் பருக்கை சிந்திக் கிடக்காவிட்டால் எலி குறையும். கல்திண்ணையின் இடுக்குகளைப் பூசிவிட வேண்டும். விறகும் கல்லும் தரையில் குவிந்து மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால்தான் தேளும் விரியனும் குடிவரும். அதனால் உதிரிப் பொருள்களை முழங்கால் உயரப் பரணில் அடுக்கி வைக்கப் பழக்க வேண்டும். பரணில் என்ன வைப்பது? மூங்கில் துண்டு, தென்னை மட்டை, கொட்டாங்குச்சி, பலகை, தாம்புக்கயிறு, பழைய புடவை, ஓட்டை வாளி, புளியங்கொட்டை, புன்னைக்காய். எதுவும் கடையில் வாங்க வேண்டாம். சிமென்ட் சாக்கு, வெடித்த பிளாஸ்டிக், ஆணி உள்ள மரம் ஆகியவை கூடாது.

எந்தச் செடி கூடாது

அழகுக்காக நட்ட செடிகளில்தான் ஆபத்து இருக்கிறது. அரளியும் மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை, பொன்னரளிக் கொட்டை மிகவும் மோசம். காட்டாமணக்கு விதை கடலை மாதிரி ருசிக்கும் என்பதால் பிள்ளைகள் கூட்டமாகத் தின்று வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. ஆமணக்கு, ஊமத்தை, குன்றிமணி மூன்றும் வேண்டாம். குன்றிமணியை விளையாட எடுப்பது நம் வழக்கம்தான், ஆனால் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்க வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு, பெரியவர்கள்.

வைக்க வேண்டியவை வேறு. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் பட்டாம்பூச்சி முட்டையிட வரும், பறவை எச்சம் போலத் தெரியும் புழு பச்சையாக மாறிக் கூட்டுப்புழுவாவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இலையைத் தின்கிறதே என்று மருந்தடித்துவிடாதீர்கள், அதற்குத்தான் நட்டோம். காய்கறிப் பாத்தியும் ஒன்று வேண்டும். 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃபிரடெரிக் ஃப்ரோபல், ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தியும் எல்லாருக்கும் பொதுவாகச் சில பாத்திகளும் இருக்க வேண்டும் என்றார். சொந்தப் பாத்தி இருந்தால்தான் காலையில் வந்ததும் ஓடிப் பார்ப்பார்கள். வெந்தயம் சில நாளில் முளைக்கும், சிறுகீரை மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். சின்னப் பிள்ளையின் பொறுமைக்கு அதுதான் அளவு.

விழுந்தால்?

விழுவார்கள். எங்கே, எதன் மேல் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உயரமான கிளை பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். ஏறலாமா வேண்டாமா என்று அது யோசிக்கும், பாதியில் இறங்கவும் செய்யும். உளுத்த கிளை, துருத்திய ஆணி, மூடி சரியில்லாத சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி), மண்ணில் புதைந்த கண்ணாடி ஆகியவை பிள்ளைக்குத் தெரியாது. முதல் வகையை விட்டுவைத்து, இரண்டாம் வகையைத் தேடித்தேடி அகற்றுவதுதான் பெரியவர்கள் வேலை. நடைமுறையில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். மரமேறினால் அடி, திறந்த சம்ப் அப்படியே கிடக்கும். நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தேடிப்போகும் துணிச்சலான விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரான கருவி, நீரும் நெருப்பும் போன்றவை, கட்டிப்புரளல், தனியே காணாமல் போதல். சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் மரமேறலும் எதில் சேரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அளவுகள் சில. ஐரோப்பிய விளையாட்டுத்திடல் தரநிலையின்படி சுமார் 60 சென்டிமீட்டருக்கு மேல் விழும் உயரம் இருந்தால் கீழே அதிர்ச்சி தாங்கும் தரை வேண்டும். இரண்டு மீட்டர் வரை உயரத்துக்கு 20 சென்டிமீட்டர், மூன்று மீட்டர் வரை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உதிரி மணல், சிதறிப்போகும் என்பதால் மேலும் 10 சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் செம்மண் தரை கோடையில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், அதை மண்தரைதானே என்று நம்பக் கூடாது. ஏணி, கம்பி, பலகை இடைவெளி எதுவும் 9 முதல் 23 சென்டிமீட்டருக்குள் இருக்கக் கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வாசலிலிருந்து மணல், தண்ணீர், நிழல் மூன்றுக்கும் இறுகிய பாதை வேண்டும். அகலம் மூன்றடிக்குக் குறையாமலும் திரும்பும் இடத்தில் ஐந்தடியும் இருக்கட்டும். மணலில் ஒரு பகுதியை மேசை உயரத் தொட்டியில் வைத்தால் அந்தப் பிள்ளையும் கையளையலாம். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எப்போதும் சேராது, முதல் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள்.

எதில் தொடங்குவது

பணம் குறைவாக இருந்தால் இருக்கிற மரத்தடியில் மணல், பக்கத்தில் ஒரு குழாய், ஒரு பரண். இதற்கு ஒரு சனிக்கிழமை போதும். மேட்டைக் கோடை விடுமுறையில் கொட்டி, ஆடியில் பெய்யும் மழைக்குப் புல்லைப் பிடிக்க விடலாம். மரம் நடப் புரட்டாசி மாதக் கடைசி நல்ல நேரம், வடகிழக்குப் பருவமழை வேரை ஊன்றிவிடும். ஊஞ்சல் இரண்டாம் ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் பிள்ளைகள் எந்தப் பாதையில் ஓடுகிறார்கள் என்று தெரிந்துவிடும், அதற்குக் குறுக்கே நடாமல் இருக்கலாம்.

திங்கள்கிழமை காலை ஒருவர் சுற்றி வர வேண்டும்: மணலைக் கிளறிக் கண்ணாடி இருக்கிறதா, கயிறு நைந்திருக்கிறதா, சம்ப் மூடி பூட்டியிருக்கிறதா, எங்காவது தண்ணீர் தேங்கியிருக்கிறதா. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரைக் கூட அழைத்துப் போனால் பெரியவர் கண்ணுக்குத் தப்பியதை அவர்கள் காட்டுவார்கள்.

பெரும்பாலான பள்ளிக் கன்றுகள் சாவது முதல் மே மாதத்தில். பள்ளி பூட்டியிருக்கும், தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. கன்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடியில் சிறு துளையிட்டுத் திரி வைத்த மண்பானையைக் கழுத்து வரை புதைத்துவிட்டால் வாரம் இரண்டு முறை நிரப்பினால் போதும். எந்த வீடு எந்தப் பானை என்று ஏப்ரல் கடைசிக் கூட்டத்திலேயே பெயர் எழுதி, கேட்டின் ஒரு சாவியையும் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.